ஜென்னேயின் மண்சுவர்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலுள்ள ஜென்னே நகரப் பெரிய பள்ளிவாசல் மண்ணால் எழுப்பப்பட்டது. இன்று நிற்கும் கட்டடம் 1907ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆற்றுச் சமவெளியின் வண்டல்மண்ணோடு நெல் உமியைக் கலந்து, நீர் ஊற்றி, காலால் மிதித்துப் பல நாள் புளிக்க விடுவர். உமி மக்கிய பின்னரே சேறு பசைமை பெறும். காயும்போது வெடிப்பும் குறையும். கொத்தர் முன்னின்று நடத்த, ஊரே திரண்டு ஆண்டுதோறும் அச்சேற்றைச் சுவரெங்கும் பூசுகிறது. சுவரினின்று நீண்டிருக்கும் கட்டைகளே அவர்களுக்குச் சாரம். அவையும் நம் பனையின் இனத்தைச் சேர்ந்த மரத்தினவே.

முன்பு அவ்விடத்தில் நின்ற பழைய பள்ளிவாசலை எவரும் இடித்துத் தள்ளவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரைக் கைக்கொண்ட செக்கு அமடு, அதனைக் கைவிட்டு வேறொன்றைக் கட்டுவித்தார். பழையதற்குச் சேறு பூசுவார் இல்லாதொழிந்தனர். எஞ்சியதை மழை பார்த்துக்கொண்டது. 1828இல் அங்கு வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே கையே கண்டது, தகைவிலான் குருவிகள் கூடுகட்டிய பாழ்மனையையே.

கலவையின் பக்குவத்தைக் கொத்தர் தம் இளையோர்க்குக் கைவழியே கற்பிக்கின்றனர். அக்கற்பித்தல் ஒரு தலைமுறை தடைப்படின் சுவரும் நில்லாது என்பதே பழைய பள்ளிவாசல் விட்டுச்சென்ற பாடம்.