புழுதியில் போட்ட விதை

ஆடி மாசம் சங்கரன்கோவில் பக்கம் வந்தவர்களுக்கு எங்க ஊர்க் காத்து தெரியும். குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருக்கும். அதே காத்து மழையை மலையிலேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு இங்கே வந்து, தபசுக் கூட்டத்தின் மேல் புழுதியை வாரி இறைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை நிழலில் கிடக்கிற கரிசல் பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவதுதான் எங்களுக்கு மழை. அதுவும் வந்தால்.

கரிசல் விவசாயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மழையோடு நிறுத்திக்கொள்வார்கள். மண்ணின் கணக்கு வேறு. கரிசல் நனைந்தால் களி. மாட்டின் கால் புதையும், ஏர் நகராது. "மழை பெஞ்ச பொறவு வெதைக்கலாம்னு இருந்தா, காட்டுக்குள்ள கால வைக்க விடாதுய்யா" என்பார் எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர். அதனால் புரட்டாசியிலேயே, மழைக்கு முன்னாடி, காய்ந்த புழுதிக்குள் விதையைப் போட்டுவிட வேண்டும். நல்ல மழை இறங்கினால் முளைக்கும். களிமண் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துத் தை, மாசி வரைக்கும் செடியைக் காப்பாற்றும். அரைகுறை மழை வந்து முளைக்க வைத்துவிட்டு ஓடிப்போனால் திரும்பவும் விதை வாங்கணும். காசுக்கு எங்கே போவது? கரிசலில் பல வீடுகளின் கடன் இந்த இரண்டாவது விதைப்பில்தான் ஆரம்பிக்கிறது.

இந்த மண்ணுக்கு வாகாக அமைந்தது கருங்கண்ணிப் பருத்தி. ஆழமாக வேர் விட்டு அடி ஈரத்தில் பிழைக்கிற செடி. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து குறைந்தபோது இந்தியப் பருத்தியின் விலை எகிறியது. 1865-ல் போர் முடிந்தது, விலையும் இறங்கியது. அடுத்த பத்து வருஷத்தில் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அதையொட்டியே, 1876-ல் மழை பொய்த்து, தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சமும் வந்தது. பஞ்சைத் தின்ன முடியாதே.

1901-ல் கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. திருநெல்வேலிப் பஞ்சு என்று விற்ற சரக்கு அப்போது கருங்கண்ணியும் உப்பமும் கலந்ததாக இருந்தது. அதைப் பிரித்து, சுத்தமான கருங்கண்ணி விதையைப் பரப்புவதில் வேளாண்மைத் துறை முனைந்தது. ஆலைக்காரர்களுக்கு ஒரே மாதிரி இழை வேண்டும், கலப்புப் பஞ்சுக்கு விலை குறையும். அவர்கள் பக்க நியாயம் அது. ஆனால் எனக்கென்னவோ அதை வெறும் கலப்படமாகப் பார்க்க முடியவில்லை. வரப்போவது எந்த மாதிரி மழை என்று தெரியாதவன் ஒரே காட்டில் இரண்டு குணமுள்ள செடியை நிறுத்துகிறான். பருத்திக்கு நடுவே உளுந்து போடுகிறான், பக்கத்தில் கம்பு, சோளம். ஒன்று போனால் ஒன்று. இதுக்குப் பேரு மூடத்தனமா? காப்பீடு என்ற சொல் வருவதற்கு முந்தைய காப்பீடு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது நம்ம பக்கக் கரிசலில் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். நாமக்கல் கோழிகளுக்குத் தீவனம் வேணுமில்லையா, அதனால் விற்பது சுலபம். 2018-ல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழு அந்த வருஷமே தமிழ்நாட்டுக் குருத்துக்குள்ளும் புகுந்தது. ஒரே பயிர் போட்டவர்களுக்கு மாற்று ஏதுமில்லை. 2023 டிசம்பர் நடுவில் வேறொரு அடி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வருஷத்து மழை ஒரு நாளில். கோவில்பட்டி, எட்டையபுரம், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிப் பயிரெல்லாம் தண்ணீரில் நின்றது. ஈரத்தைச் சேமிக்கிற அதே களிமண், தேங்கிய தண்ணீரை லேசில் உள்ளே விடாது. வறட்சியில் கைகொடுக்கிற குணம் வெள்ளத்தில் வேரை அழுகவைத்தது.

அதற்கடுத்த புரட்டாசியில் சொந்தக்காரர் ஒருத்தர் மக்காச்சோளம் போட்டுவிட்டு, ஓரமாக நாலு சால் உளுந்தும் கம்பும் விட்டிருந்தார். "இது எதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

"சும்மா கெடக்கட்டும்டே" என்றார்.