கோட்டாற்றில் வாத்தியார் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி, ஆசிரியர் தினத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, உச்ச நீதிமன்றத்தில் இருந்து ஒரு தீர்ப்பு வந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள், ஏற்கெனவே வேலையில் இருந்தாலும், டெட் என்கிற தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருட அவகாசம். அதற்குக் குறைவாக இருப்பவர்கள் அப்படியே தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது.

அன்று முதல் எங்கள் கோட்டாறு டீக்கடைகளில் இரண்டு கட்சி. "பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிற வாத்தியாருக்குப் பரீட்சை வச்சா என்ன தப்பு?" என்று ஒரு கட்சி. "இருபது வருசம் பாடம் எடுத்தவனுக்கு இனிமே என்ன வே பரீட்சை?" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியிலும் பலர் "இந்தக் காகிதம் எல்லாம் எதுக்கு, அந்தக் காலத்து வாத்தியார் பட்டம் வாங்கியா பாடம் நடத்தினார்?" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ரொம்பப் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் முன்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் என்று ஊர் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் அங்கே கோயில் கட்டி, கூடவே ஒரு கல்விச் சாலையும் வைத்தான். அதன் செப்பேடு கிடைத்திருக்கிறது. 95 மாணவர்களுக்கு இடம். இன்ன வேதப் பிரிவினருக்கு இத்தனை என்று கணக்கு. சேர வருகிறவனுக்கு இலக்கணமும் மீமாம்சையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. சண்டை போட்டால் தண்டம், ஆயுதத்தோடு வந்தால் தண்டம். திருவனந்தபுரத்துக் காந்தளூர்ச் சாலையை மாதிரியாக வைத்து நடந்த சாலை இது. விடுதி விதி, இட ஒதுக்கீடு, நுழைவுத் தகுதி எல்லாம் 1100 வருடத்துக்கு முன்பே நம் ஊர்ப்பக்கம் இருந்திருக்கிறது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலக்கணம் தெரிந்தால் மட்டும் அங்கே இடம் கிடைக்காது. முதலில் வேதம் படிக்கிற குலத்தில் பிறந்திருக்க வேண்டும். பரீட்சை அதற்குப் பிறகுதான்.

நாஞ்சில் நாட்டில் பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பழைய பெயர் அண்ணாவி. திண்ணையில் மணலைப் பரப்பி எழுத்து, பிறகு ஓலை, ஆத்திசூடி, எண்சுவடி, நிகண்டு. அண்ணாவிக்குச் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. ஊர் நம்பினால் பிள்ளைகள் வருவார்கள், நெல்லும் வரும். இந்த முறையை லேசாக நினைக்க முடியாது. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் தமிழ் இலக்கணம் படித்தது கோட்டாறு சங்கரநாராயண அண்ணாவியிடம். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு இந்து அண்ணாவி. அந்த மாணவர்தான் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் நூறு காரியங்களை ஒரே நேரத்தில் மனதில் வாங்கிச் சதாவதானி ஆனார். அவரும் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர் இல்லை. இன்று இடலாக்குடி அரசுப் பள்ளிக்கு அவர் பெயர்.

"பார்த்தீர்களா, பட்டம் எதற்கு?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அண்ணாவியின் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவோடு போக வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். நாஞ்சில் நாட்டு வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் அந்தத் திண்ணையில் உட்காரவில்லை. அவர்களில் ஒருவர் அண்ணாவி ஆவது நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

அதை மாற்றியதில் மயிலாடிக்குப் பெரிய பங்கு உண்டு. மகாராசன் வேதமாணிக்கம் அழைத்து, ரிங்கல்தௌபே என்கிற ஜெர்மானியப் பாதிரியார் 1806-ல் அங்கே வந்தார். 1809-ல் பள்ளிக்கூடம். 1818-ல் மீட் வந்த பிறகு அது நாகர்கோவிலுக்கு நகர்ந்தது. அடுத்த சில வருடங்களில் மால்ட் தம்பதி பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். 1893-ல் அந்தப் பழைய செமினாரி ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. மிஷன்காரர்களுக்கு மத நோக்கம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தால் ஊருக்கு ஊர் ஆள் வேண்டுமே. அதனால் படித்து முடித்த பையனையே வாத்தியாராக அனுப்பினார்கள். தகப்பனுக்குத் திண்ணைக்குப் பக்கத்தில் நிற்க அனுமதி இல்லை, மகன் கையில் சாக்பீஸ்.

திருவிதாங்கூர் அரசும் சும்மா இருக்கவில்லை. கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817-லேயே ராணி கௌரி பார்வதி பாய் கட்டளை போட்டிருக்கிறார். கட்டளை போட்டு 90 வருடம் கழித்தும், தன் சமூகத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி வயல் வேலைநிறுத்தம் நடத்த வேண்டியிருந்தது. கட்டளைக்கும் வகுப்பறைக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

இந்தக் காலத்தில்தான் "நார்மல் ஸ்கூல்" வருகிறது. இந்தப் பெயரைக் கேட்டு என் மாணவர்கள் சிரிப்பார்கள், "மற்றப் பள்ளி எல்லாம் அப்நார்மலா சார்?" என்று. பிரெஞ்சுக்காரர்கள் 1794-ல் பாரிசில் ஆசிரியர்களைப் பழக்க ஒரு நிறுவனம் ஆரம்பித்து, அதற்கு "எக்கோல் நோர்மல்" என்று பெயர் வைத்தார்கள். எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்பதற்கு ஒரு நெறி, ஒரு மாதிரி என்கிற பொருளில். அது உலகம் சுற்றி நமக்கு நார்மல் ஸ்கூலாக வந்தது. நம்மவர்கள் அழகாகப் போதனாமுறைப் பாடசாலை என்றார்கள். பாடம் தெரிந்தால் மட்டும் போதாது, போதிக்கும் முறையும் தெரிய வேண்டும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

தேரூரில் 1876-ல் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளை, நம் கவிமணி, இந்த வழியில் வந்தவர். வாணன்திட்டு மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் படித்தார். அது பழைய வழி. பிறகு ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். அது புதிய வழி. இரண்டு காலும் இரண்டு படகில் இருந்தும் கவிழாத மனிதர். கோட்டாறு ஆரம்பப் பள்ளி, நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலை, திருவனந்தபுரம் பெண்கள் போதனாமுறைப் பாடசாலை என்று 36 ஆண்டுகள் ஆசிரியர் வேலை. கவிஞர் என்று கொண்டாடுகிறோம், சரி. ஆனால் அவருடைய வேலை நாளில் பெரும் பகுதி, வாத்தியாராகப் போகிறவர்களுக்கு வாத்தியாராக இருப்பதில் போனது. அதுவும் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து சம்பளம் வாங்க மரியாதையான வேலைகள் ரொம்பக் குறைவாக இருந்த காலத்தில், அவர்களுக்கு. காந்தளூர்ச் சாலையைப் பற்றி அவர் ஒரு ஆராய்ச்சி நூலும் எழுதியிருக்கிறார். பழைய சாலையை ஆராய்ந்தவர் புதிய பாடசாலையில் பாடம் எடுத்தார். கோட்டாற்றில் அரசு பெண்கள் பள்ளி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பயிற்சிச் சான்று ஒரு படி. பல்கலைக்கழகப் பட்டம் அதற்கு மேல் படி. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. என்று ஒரு பட்டம் வைத்திருந்தது. பி.ஏ. முடித்துவிட்டு அதையும் படிக்க வேண்டும். அதுதான் பிற்பாடு பி.டி. ஆகி, பி.எட். ஆனது. இப்போதும் நம் ஊரில் "பி.டி. வாத்தியார்" என்றுதானே சொல்கிறோம். சென்னை மாகாணத்துக்காரர்களுக்குச் சைதாப்பேட்டைக் கல்லூரி. ஆசிரியர் தினத்துக்குக் காரணமான ராதாகிருஷ்ணனே, எம்.ஏ. முடித்துக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, 1910-ல் சைதாப்பேட்டைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவர்தான். இன்னொரு பக்கம், உ.வே.சா. 1880-ல் எந்தப் பட்டமும் இல்லாமல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். தியாகராச செட்டியார் சிபாரிசு செய்தார், கல்லூரி எடுத்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் சிபாரிசு செய்ய ஒரு தியாகராச செட்டியார் இல்லாதவன் என்ன செய்வான்? அவனுக்குக் காகிதம்தான் செட்டியார்.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்குத் திருவனந்தபுரம்தான் பட்டணம். 1910-ல் அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. 1937-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் வந்தது. கோட்டாற்றில் இருந்து 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் நமக்கு ரயில் வந்ததே 1979-ல். அதுவரை வண்டி, பஸ், பிறகு தங்குவதற்கு வாடகை, சாப்பாடு. இரண்டு பூ வயல் இருந்தவன் பிள்ளையை அனுப்பினான். கம்போளத்தில் மூட்டை சுமந்தவன் பிள்ளையால் போக முடியவில்லை. காகிதம் எல்லாருக்கும் பொது என்று சட்டம் சொன்னாலும், அது கிடைக்கிற இடம் தூரமாக இருந்தது.

1952-ல் நாகர்கோவிலில் இந்துக் கல்லூரி வந்ததும், 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் நிறையப் பேருக்குத் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது 1971. அந்த வருடம் மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. அப்போது நாம் மதுரையின் எல்லைக்குள். அதே 1971-ல் மதுரைக்குத் துணைவேந்தராக வந்தவர் மு.வ. அவர் கதை தெரியுமா? தாலுகா ஆபீசில் குமாஸ்தா. தானாகப் படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் மாகாணத்தில் முதலாவதாக வந்தார். திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே 1939-ல் பி.ஓ.எல்., கல்லூரிக்குப் போன பிறகு 1944-ல் எம்.ஓ.எல்., 1948-ல் டாக்டர் பட்டம். பகலில் வேலை, இரவில் படிப்பு என்பதற்கு அவரைவிடப் பொருத்தமான துணைவேந்தர் கிடைத்திருக்க மாட்டார்.

நானும் அந்த அஞ்சல் வழியில் வந்தவன்தான். இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, பி.ஏ. வரலாறு. தபால்காரர் பாடப் புத்தகக் கட்டைக் கொண்டு வந்தால் பிள்ளைகள் "சாருக்குப் பாடம் வந்திருக்கு" என்று கத்துவார்கள். அந்த ஒரு சத்தத்துக்காகவே ஒழுங்காகப் படித்தேன். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் தொட்டில் கயிற்றைக் காலில் கட்டி ஆட்டிக்கொண்டே பொருளாதாரம் படித்துத் தேறினார். அடுத்து, சம்பளம் இல்லாத விடுப்பு போட்டு பி.எட். படித்தேன். மனைவியின் வளையல் மூன்று வருடம் வட்டிக்கடையில் இருந்தது. ஏன் இத்தனை பாடு? பட்டம் வாங்கினால் பதவி உயர்வு, மேற்படிப்புக்கு ஊக்க ஊதிய உயர்வு. ஆசைதான். ஆனால் அந்த ஆசையால் வகுப்பறைக்குள் வந்த படிப்பு கொஞ்சநஞ்சமல்ல. சோழர் ஆட்சியை நான் நடத்திய விதம் பி.ஏ.வுக்கு முன், பி.ஏ.வுக்குப் பின் என்று இரண்டாகப் பிரியும்.

1990-ல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்து நம் மாவட்டமும் அதற்குள் போனது. அந்தச் சுந்தரம் பிள்ளையும் நெல்லையில் பள்ளி ஆசிரியராக இருந்து, 1880-ல் எம்.ஏ. வாங்கியவர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

இப்போது நிலைமைக்கு வருவோம். 2015 முதல் பி.எட். இரண்டு வருடம். செலவும் இரண்டு மடங்கு. 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு மேற்படிப்புக்கான ஊக்க ஊதிய உயர்வை நிறுத்திவிட்டது. டெட் தமிழ்நாட்டில் முதன்முதலில் நடந்தது 2012 ஜூலை 12. ஆறரை லட்சத்துக்கும் மேல் எழுதினார்கள், தேறியவர்கள் 2,448 பேர். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். பிறகு அக்டோபரில் நடந்த மறுதேர்வில் மூன்று மணி நேரம் ஆக்கினார்கள். ஆக, முதலில் தோற்றது வாத்தியார்களா, கடிகாரமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் கருத்து இது. காகிதத்தைக் கேலி செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். பிறப்பைக் கேட்ட இடத்தில் படிப்பைக் கேட்க வைத்தது அந்தக் காகிதம். வேலைக்குச் சேருகிறவனுக்குத் தேர்வு வையுங்கள், தாராளமாக. ஆனால் அன்றைய விதிப்படி படித்து, அன்றைய விதிப்படி வேலைக்கு வந்து, இருபது வருடம் பாடம் எடுத்தவரிடம் வாசலுக்குத் திரும்பிப் போய் மறுபடி கதவைத் தட்டு என்பது நியாயமில்லை. அவர் புதிதாகப் படிக்க வேண்டும் என்றால், கவிமணி காலத்தில் பாடசாலை வைத்தது போல, 1971-ல் பாடத்தை வீட்டுக்கே அனுப்பியது போல, படிக்க வழியும் நேரமும் கொடுத்துப் படிக்க வைக்க வேண்டும். பரீட்சை மட்டும் வைப்பது சுலபம்.

நீதிமன்றமும் அரசும் என்ன செய்தாலும், இரண்டு வருடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் நாங்கள் ஓய்வு பெற்ற நாலு பேர் சேர்ந்திருக்கிறோம். சனி, ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை. ஒருவர் கணக்கு, ஒருவர் குழந்தை உளவியல், ஒருவர் தமிழ், சமூக அறிவியல் நான். கட்டணம் கிடையாது, டீ உண்டு. கோட்டாறு, இடலாக்குடி, செட்டிகுளம் பக்கம் டெட் எழுதப்போகிற ஆசிரியர்கள் உள்பெட்டியில் பெயரும் எந்தத் தாள் என்பதும் எழுதுங்கள். இடம் எங்கே என்று தனியாகச் சொல்கிறேன். கைக்குழந்தை இருக்கிறவர்கள் தூக்கிக்கொண்டே வரலாம்.