சிப்பும் மெழுகும்

பினாங்கின் பாயான் பாரு ஆலைகளால் பிறந்த ஊர். 1969-இல் தொடங்கப்பட்ட பினாங்கு மேம்பாட்டுக் கழகம், 1972-இல் பக்கத்துப் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரத்தைத் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் நிறுவனத்தின் முதல் ஆலை அங்கேதான், அதே ஆண்டில் வந்தது. கம்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் பற்றவைத்தார்கள். ஷிப்டு முடிந்தால் ஆலை பஸ், அப்புறம் வீடு.

அந்தக் காலத்தில் வீடியோ கேமின் ஓவியரே சிப்புதான். 1981-இல் வந்த 'டாங்கி காங்' நாயகனுக்கு, பின்னாளில் மரியோ என்று பெயர் பெற்றவனுக்கு, அதை வடிவமைத்த ஷிகேரு மியாமோட்டோ மீசை வைத்தது அழகுக்காக அல்ல. இருந்த சில புள்ளிகளில் வாய் வரைய முடியவில்லை. தலைமுடி வரைவது தொல்லை, தொப்பி போட்டார். இரண்டாண்டு கழித்து நின்டெண்டோ விற்ற ஃபேமிகாமில் நகரும் உருவத் துண்டு ஒன்றுக்கு மூன்று வண்ணம்தான். ஒரே வரிசையில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் வந்தால் ஒன்பதாவது காணாமல் போகும். எதிரிகள் மினுக்கி மினுக்கித் தெரிந்தது அதனால்தான்.

சிப்பு வளர்ந்தது, கட்டுப்பாடு போனது. ஆனால் தனியாகவும் சிறு குழுவாகவும் கேம் செய்தவர்கள் கட்டுப்பாட்டைத் தாங்களே தேடிப் போனார்கள். டைசுகே அமாயா ஒற்றை ஆளாக உருவாக்கி 2004-இல் வெளியிட்ட 'கேவ் ஸ்டோரி' பழைய புள்ளிப் படங்களுக்கே திரும்பியது. 2017-இல் 'கப்ஹெட்' 1930-களின் கார்ட்டூன் பாணியில், காகிதத்தில் கையால் வரையப்பட்டது, பின்னணிகள் நீர்வண்ணம். கணினியே செய்யக்கூடியதை விரல் நோக வரைந்தார்கள்!

புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழு 2020-இல் தந்த 'ராஜி' பஹாடி ஓவியத்திலிருந்து வண்ணத்தை எடுத்தது. கதை சொல்லும் இடங்களுக்கு நிழற்பாவை. அதே ஆண்டு கோலாலம்பூரின் மெட்ரோனோமிக், 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' கேமில் ஒவ்வோர் இசை வகைக்கும் ஒரு வில்லனை உருவாக்கியது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் கொண்டுவந்த 'வெண்பா' இவற்றில் தனி ரகம். 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, தன் அம்மாவின் கிழிந்து கறைபட்ட சமையல் குறிப்பேட்டைப் பிரிக்கிறாள். அழிந்துபோன வரிகளை ஆட்டக்காரர் ஊகித்து இட்லி வேகவைக்க வேண்டும். யதார்த்தமான முப்பரிமாணம் எதுவும் இல்லை, தட்டையான சித்திரக்கதைப் படங்கள்தாம். மறு ஆண்டு அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

கட்டுப்பாட்டையே கலையாக்கும் இந்தச் சோதனை பினாங்குக்குப் புதிதல்ல. அங்கே சுவா தியான் தெங் என்பவர் தொடங்கிய பாத்திக் துணி ஆலை நிலைக்கவில்லை. அவர் அதே மெழுகையும் சாயத்தையும் எடுத்து, 1950-களில் ஓவியம் தீட்ட இறங்கினார். மெழுகும் பிடிவாதக்காரன். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குத்தான் போக முடியும்; மெழுகு மூடிய இடத்தில் சாயம் ஏறாது; அது நொறுங்கினால் விரிசல் வழியே சாயம் கசிந்து நரம்பு நரம்பாய்க் கோடு விழும். அந்தக் கோடுகளைக் குறையாக ஒதுக்காமல் ஓவியத்தின் அங்கமாக்கியவர்களால்தான் மலேசியாவில் பாத்திக் ஓவியம் ஒரு கலையாயிற்று.

பாயான் பாருவில் இன்று கேம் செய்ய ஆசைப்படும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வெளிநாட்டுத் தூரிகைத் தொகுப்பைத் தரவிறக்கும் முன், தெங்கின் பாத்திக் ஒன்றைத் தேடிப் போய் நேரில் பாருங்கள்.