சிறையறையில் சங்கீதங்கள்



சங்கீதங்களை ஜெபமாகச் சொல்பவர்க்கு மன அமைதி உண்டாகும் என்பது கிறித்தவ உலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று. அவ்வமைதி எத்தகையது என்பதற்கு ஜேர்மனிய லூத்தரன் போதகர் டீட்ரிச் பொன்ஹோபரின் வரலாறு விடை தருகின்றது.

ஹிட்லர் ஆட்சி திருச்சபையையும் தன் கைக்குள் கொண்டுவர முயன்றபோது, அதற்கு இணங்காத சபையார் போதகர்களைப் பயிற்றத் தனிக் கல்லூரிகளை நிறுவினர். அவற்றுள் ஒன்றுக்கு 1935இல் பொன்ஹோபர் தலைவரானார். நாள்தோறும் அங்கே சங்கீதங்களைச் சொல்லி வழிபட்டனர். 1937இல் இரகசியப் பொலிசார் அதனை மூடினர். அடுத்த ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு யூதரின் ஜெபாலயங்கள் நாடெங்கும் எரியூட்டப்பட்டன. பொன்ஹோபர் தம் வேதாகமத்தில், 74ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்தருகே அத்திகதியைக் குறித்துவைத்தார். தேவனைத் தொழும் இடங்கள் சுட்டெரிக்கப்பட்டதைச் சொல்லிப் புலம்பும் வசனம் அது. பழைய புலம்பல் அன்று புதிய செய்தியாயிற்று.

1940இல் சங்கீதங்களைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். தந்தையின் சொல்லைக் கேட்டே குழந்தை பேசப் பழகுகிறது. அவ்வாறே தேவன் தந்த சொற்களைக் கொண்டு மனிதன் ஜெபிக்கப் பழகுகிறான் என்பது அதன் கருத்து. யூதரின் வேதத்தைப் போற்றுவதே அந்நாளில் துணிகரமான செயல். 1941இல் அவர் நூல்கள் வெளியிடுவது தடைசெய்யப்பட்டது.

1943 ஏப்பிரல் 5இல் கைதாகி, பேர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். மறுமாதம் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், பல்லாண்டுகளாகச் செய்துவந்தவாறே சங்கீதங்களை நாள்தோறும் வாசிப்பதாகவும், வேறெந்த நூலினும் அவற்றையே மிகுதியாக நேசிப்பதாகவும் தெரிவித்தார். 3, 47, 70ஆம் சங்கீதங்களை வாசிக்கும்போது ஹைன்ரிச் ஷுட்ஸ் அமைத்த இசை செவியில் ஒலியாமற் போவதில்லையாம். பண்ணோடு தேவாரம் கற்றோர்க்கு இது புதுமையன்று.

ஆயினும் அவர் கலங்காதவர் அல்லர். 1944இல் சிறையில் எழுதிய கவிதையொன்றில், காவலர் காணும் அமைதியான மனிதனையும், தாம் உள்ளே அறிந்த தவிக்கும் மனிதனையும் அருகருகே நிறுத்தி, இவருள் நான் யார் என வினவுகிறார். விடையைத் தேவனிடமே விட்டுவிடுகிறார். சங்கீதங்கள் பழக்கிய நெஞ்சு அது என்றே நான் கருதுகிறேன். அந்நூலில் துதி உண்டு. முறையீடும் சினமும் உண்டு. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகின்றது. அச்சத்தை மறைக்கும்படி அது எவரையும் கேட்பதில்லை. அச்சத்தைக் கொண்டுபோய் ஒப்படைக்க ஓர் இடம் காட்டுகிறது.

1945 ஏப்பிரல் 8, ஞாயிற்றுக்கிழமை. ஷேன்பேர்க் என்னும் ஊரில், கைதிகளை அடைத்துவைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், வழிபாடு நடத்துமாறு உடனிருந்தோர் அவரை வேண்டினர். அவர்களுள் கடவுளை நம்பாத ரஷ்யர் ஒருவர் இருந்தமையால் பொன்ஹோபர் தயங்கினார். அந்த ரஷ்யரும் இசைந்த பின்னரே வழிபாட்டை நடத்தினார். அது முடிந்தவுடன் காவலர் வந்து அவரை அழைத்துச் சென்றனர். மறுநாட் காலை புளொசன்பேர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.