நாற்பது மைல் எங்கே போயிற்று?

சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே எவ்வளவு தூரம்? பெங்களூர் வழியாகச் சாலையில் சென்றால் ஏறக்குறைய 700 கி.மீ.; பயணத்துக்கு ஒரு முழுப் பகலாவது வேண்டும். நேர்கோட்டில் அளந்தால் 590 கி.மீ.க்கும் குறைவு. மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் இதை ஒரு மணிக்குள் கடந்துவிடும். ஆனால் விமானம் தோன்றுவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே இந்த நேர்கோட்டை ஒருவர் அளந்துவிட்டார் என்பது வியப்பல்லவா?

18ஆம் நூற்றாண்டில் தூரத்தை அளக்க ஒரு சக்கரத்தைச் சாலையில் உருட்டிச் சென்று, அதன் சுற்றுகளை எண்ணினார்கள். சக்கரமோ வளைவு, மேடு, பள்ளம் எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கும். வானியல் முறையில் தீர்க்கரேகையைக் காணலாம்; ஆனால் பூமி 4 நிமிடத்தில் 1 பாகை சுழல்கிறது. நம் பகுதியில் 1 பாகை ஏறத்தாழ 108 கி.மீ. ஆகவே, நேரத்தில் 1 நிமிடம் பிழைத்தால் வரைபடத்தில் ஊர் 27 கி.மீ. தள்ளிப் போய்விடும்!

1802ஆம் ஆண்டு ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற படை அதிகாரி, பரங்கிமலைக்கு அருகே சமதரையில் சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சங்கிலியை 400 முறை வைக்க வேண்டியிருந்தது. எஃகு வெப்பத்தால் நீளும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வெப்பநிலை 10 செல்சியஸ் பாகை உயர்ந்தால் இச்சங்கிலி ஓர் அங்குலத்தில் ஏழில் ஒரு பங்கு நீளும். 400 முறைக்கு இப்பிழை ஏறத்தாழ 5 அடியாகிவிடும். எனவே சங்கிலிக்குக் கூடாரத்தால் நிழல் தந்து, வெப்பநிலையைக் குறித்துத் திருத்தம் செய்தார்கள்.

இதன் பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்களே அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடாகும். அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவியைக் குன்றுகளின் உச்சிக்கு ஏற்றி, தொலைவில் நாட்டிய கொடிகளை நோக்கிக் கோணங்களை அளந்தார்கள். கருவியைச் சுமந்து காட்டிலும் மலையிலும் நடந்த உழைப்பாளிகள் பலருடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

முக்கோணச் சங்கிலி மைசூர்ப் பகுதியைக் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, மங்களூர்க் கடற்கரையை எட்டியது. பழைய வரைபடங்கள் தீபகற்பத்தின் அகலத்தை அங்கே 400 மைல் என்று காட்டின. லாம்ப்டன் கண்டது 360 மைல்தான். 40 மைல், அதாவது 64 கி.மீ., மறைந்துபோயிற்று! நிலம் ஓர் அடிகூடச் சுருங்கவில்லை. மறைந்தது அளவையின் பிழைதான்.

உங்கள் அட்லசில் இவ்விரு நகரங்களையும் தேடுங்கள். சாலையின் மேல் ஒரு நூலை வளைத்து வைத்தும், நேராக அளவுகோலை வைத்தும் அளந்து பாருங்கள். நூல் காட்டுவது சக்கரம் உருளும் தூரம்; அளவுகோல் காட்டுவது, யாரும் நடந்து பாராமலே முக்கோணங்கள் கண்டுபிடித்துத் தந்த தூரம்.