குடத்தில் விழாத ஓலைகள்

உத்திரமேரூர்க் குடவோலை முறையை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அந்தக் குடத்தில் எங்கள் தெருக்காரர் ஓலையும் இருந்திருக்குமா?" என்று கேட்டான். பாடநூலில் அதற்கு விடை இல்லை. கல்வெட்டில் இருக்கிறது.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர்; பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பணிகளைப் பகுத்தனர். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியம் ஏறலாகாது என்றும் விதித்தனர். இவ்விதி ஒன்றுக்காகவே அவர்களைப் பாராட்டலாம். இன்றைய மன்றத்தார் சிலர் கேட்டால் நடுங்குவர்!

ஆனால், ஓலையில் பெயர் ஏறத் தகுதி யாது? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது. இவற்றோடு மந்திர பிராமணமும் கற்றிருக்க வேண்டும். வேதம் ஒன்றும் பாடியம் ஒன்றும் ஓதியவனுக்கு அரைக்கால் வேலியே போதும். ஏரியைத் தூர் வாரியவனுக்கு? களத்தில் நெல் தூற்றியவளுக்கு? அவ்வூர் சதுர்வேதிமங்கலம் அன்றோ! மக்களாட்சியின் தொட்டில் என மேடைதோறும் முழங்குகிறோம். தொட்டில்தான், அதில் ஒரு குலத்துப் பிள்ளைக்கே இடமிருந்தது.

நம் காவிரிக் கரைக்கு வருவோம். திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866-இல் தோன்றியது. திருவரங்கம் நகராட்சி 1871-இல். வெள்ளையன் வேத அறிவைக் கேட்கவில்லை. வரி ரசீதைக் கேட்டான். ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானத்துக்கும் 1884 சட்டத்துக்கும் பின்னரே தேர்தல் பரவிற்று. அப்போதும் சொத்தும் வரியும் உள்ளோர்க்கே வாக்கு. வைகுண்ட ஏகாதசிக்குத் திரளும் கூட்டத்துக்குத் தண்ணீர், கழிப்பிடம், கூடவே காலரா அச்சம் என்று திருவரங்க மன்றத்துக்குக் கவலைகள் உண்டு. அக்கூட்டம் விட்டுச்சென்ற அழுக்கை அள்ளியவர்க்கோ மன்றத்தில் நாற்காலி இல்லை. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லா வகுப்பார்க்கும் உரியவை என அறிவிக்க, நீதிக்கட்சி ஆட்சியில் 1924 செப்டம்பரில் ஓர் அரசாணை தேவைப்பட்டது. தெருவில் நடக்க அரசாணை!

1994-இல் திருவரங்கமும் பொன்மலையும் இணைந்து திருச்சி மாநகராட்சி ஆயின. 1996-இல் புனிதவல்லி பழனியாண்டி மேயரானார். அன்று முதல் 2016 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர்கள் பெண்களே. நெல் தூற்றியவளின் பேத்திக்கு ஆயிரம் ஆண்டு கழித்துக் கிடைத்த நாற்காலி அது. மகிழ்ந்திருந்தோம், மன்றமே கலைந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. சாக்கடை அடைத்தால் தெருவார் மனு எழுதினர். மன்றத்தில் எழுந்து கேட்க உறுப்பினர் இல்லை. குடமும் இல்லை, ஓலையும் இல்லை. இதற்காக எந்த மேடையும் முழங்கியதாக நினைவில்லை.

2022 நவம்பர் முதல் நாள், தமிழக நகரங்களில் பகுதி சபைகள் கூடின. அப்பகுதி வாக்காளர் எவரும் அதில் வந்து அமரலாம், கேட்கலாம். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம்.

மாணவனிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்படியானால், எங்கள் தெருக் குழாயைப் பற்றி நான் போய்க் கேட்கலாமா, ஐயா?" என்றான். அவனுக்கு வயது பதின்மூன்று. "உன் அம்மாவை அழைத்துப் போ" என்றேன்.