விழுங்கியதும் பூசியதும்

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ஊரிலும் அப்படித்தான், நான் பிழைக்க வந்த புனேயிலும் அப்படித்தான். ஏ.சி. அறையிலும் திடீரென்று உடம்பு காந்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, ராத்திரி தூக்கமில்லை. ஹார்மோன் மருந்து என்று வாயெடுத்தால் போதும், "ஐயையோ, கேன்சர்!" இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கதை குதிரையில் ஆரம்பிக்கிறது. (சத்தியமாக!) சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, பிரெமரின் என்ற பெயரில் 1942ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1966ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர் 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மாதவிலக்கு நிற்பதே ஒரு குறைபாட்டு நோய், இதைச் சாப்பிட்டால் இளமை போகாது என்றார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

1975ல் முதல் அடி. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுப்பவர்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று தெரிந்தது. அதைத் தடுக்க இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

பெரிய அடி 2002 ஜூலையில். 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற அமெரிக்க ஆய்வில், 16,608 பெண்கள் இருந்த பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தம் உறைவது எல்லாம் கூடுகிறது என்றார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

ஆனால் பலர் காதில் விழாத விஷயங்கள் சில உண்டு. மார்பகப் புற்றுநோய் கூடியது 10,000 பெண்களுக்கு வருஷத்தில் 8 பேருக்கு. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. முக்கியமாக, சோதித்தது விழுங்கும் மாத்திரையை.

விழுங்கினால் என்ன, பூசினால் என்ன என்கிறீர்களா? விழுங்கும் ஹார்மோன் முதலில் கல்லீரலுக்குப் போய், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது. தோலில் ஒட்டும் பட்டையோ, பூசும் ஜெல்லோ நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. 2003ல் பிரான்சில் வந்த 'எஸ்தர்' ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தம் உறையும் அபாயம் கூடியிருந்தது; தோல்வழி எடுத்தவர்களுக்குக் கூடவில்லை.

இதில் வேடிக்கை, ஒட்டும் பட்டை 1986லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. ஆனால் 2002க்குப் பிறகு மாத்திரைக்கான கறுப்புக் கட்ட எச்சரிக்கையை அதன் மேலும் போட்டார்கள். பிறப்புறுப்பு வறட்சிக்குத் தடவும், ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும் கிரீமுக்கும் அதே எச்சரிக்கை. அவற்றில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது 2025 நவம்பரில்தான். இருபத்து மூன்று வருஷம்! அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டே அந்த வயதைக் கடந்துவிட்டார்கள்.

அதற்காகப் பட்டை எல்லாருக்கும் ஆகும் என்று அர்த்தமில்லை. கர்ப்பப்பை இருப்பவர்கள் பட்டை ஒட்டினாலும் கூடவே புரோஜெஸ்டிரோன் எடுக்கவேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இது கூடாது. தோல்வழி என்பதால் மார்பகம் பற்றிய கவலை அடியோடு போய்விடுவதும் இல்லை.

ஆகவே சகோதரிகளே, டாக்டரிடம் போனால் "ஹார்மோன் நல்லதா, கெட்டதா?" என்று கேட்காதீர்கள். எந்த ஹார்மோன், எந்த வழி, என் வயதுக்கும் உடம்புக்கும் சரிப்படுமா என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.